மதுரை மாவட்டத்துக்குப் புதிய நீர்த்தேக்கம்: எந்த இடம் சரி?

வைகைத் தென்கரை (அனுப்பானடி) | சனி, காலை 6.40

குடியிருப்போர் சங்கங்களும் பாசன சங்கங்கள் சிலவும் சேர்ந்து மாவட்ட ஆட்சியரிடம் ஒரு மனு கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இந்த மாவட்டத்தின் குடிநீரைத் தேக்கிவைக்கப் புதிய நீர்த்தேக்கம் வேண்டும் என்பது கோரிக்கை. இடத்தைச் சொல்லாமல் "நீர்த்தேக்கம் வேண்டும்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் யாரும் இரண்டாவது முறை படிக்க மாட்டார்கள். ஆகவே இடத்தைப் பற்றி இங்கே கேட்கிறேன்.

முதலில் தேவை. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 30,38,252. இன்று நிச்சயம் அதற்கு மேல். நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், கிராமத்தில் 55 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். ஊரெல்லாம் நகரமாகிக்கொண்டிருப்பதால் 30 லட்சம் பேருக்கும் 135 லிட்டர் என்றே வைத்துக்கொள்கிறேன். நாளொன்றுக்கு 40.5 கோடி லிட்டர், ஆண்டுக்குச் சுமார் 5,200 மில்லியன் கன அடி. வைகை அணை 71 அடி நிரம்பினால் கொள்வது சுமார் 6,000 மில்லியன் கன அடி. அந்த ஓர் அணையை நம்பித்தான் ஐந்து மாவட்டங்களின் குடிநீரும், இருபோகப் பாசனம் 45,041 ஏக்கரும், ஒருபோகப் பாசனம் 1,05,002 ஏக்கரும் இருக்கின்றன.

நண்பர்கள் இதுவரை சொன்ன இடங்கள்: சாத்தையாறு அணையை உயர்த்துவது, வருசநாட்டில் மூல வைகைக்குக் குறுக்கே ஓர் அணை, திருமங்கலம் பக்கம் குண்டாற்றில் ஒன்று, மேலூர் பக்கம் மலைகளுக்கு நடுவே ஒன்று. எது சரி, எது சரியில்லை, ஏன் என்று எழுதுங்கள். வெறும் ஊர்ப்பற்றால் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மதகு (பணி ஓய்வு, நீர்ப்பாசனம்) | சனி, காலை 8.15

வணக்கம். அணைக்கு இடம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் முதலில் மலை இடுக்கைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு குன்றுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் நடுவே ஒரு சுவர் எழுப்பினால் போதும் என்று தோன்றும். சுவர் கட்டுவது எளிது. அதற்குப் பின்னால் வந்து நிற்பதற்குத் தண்ணீர் உண்டா என்பதே முதல் கேள்வி.

சாத்தையாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாலமேட்டுக்கு அருகே, சிறுமலையிலிருந்து இறங்கும் ஓடைகளைப் பிடிக்கும் அணை. உயரம் 29 அடி, கொள்ளளவு 56 மில்லியன் கன அடி. வண்டல் படிந்ததால் இன்று அவ்வளவும் நிற்காது. தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்குக் குழாய் போட்ட திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர், அதாவது சுமார் 4.4 மில்லியன் கன அடி. அந்த அளவில் எடுத்தால் சாத்தையாறு முழுக் கொள்ளளவும் 13 நாளைக்குக்கூட வராது. கரையை இன்னும் 20 அடி உயர்த்தலாமே என்பார்கள். உயர்த்தினாலும் சிறுமலை கூடுதலாக ஒரு சொட்டும் தராது. நீர்ப்பிடிப்புப் பரப்பு அப்படியேதான் இருக்கும். அணை நிரம்பும் ஆண்டுகள்தான் குறையும். தேங்கும் இடம் காப்புக்காட்டுக்குள் ஏறினால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும். சாத்தையாற்றைத் தூர் வாருங்கள், அதை நம்பி இருக்கும் கண்மாய்களுக்கு அது போதும். மாவட்டத்தின் குடிநீரை அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

வருசநாட்டு மலை | சனி, காலை 9.02

மதகு ஐயா சொல்வதை ஏற்கிறேன். அதனால்தான் மூல வைகை என்கிறேன். எங்கள் ஊர் வழியாக வெள்ளம் ஓடும்போது வந்து பாருங்கள், சேறும் மணலும் மரமுமாக ஓடும். அவ்வளவும் வைகை அணைக்குள் போய்ப் படிகிறது. அணை திறந்தது 1959இல். அன்று முதல் இன்று வரை வண்டல் சேர்ந்துகொண்டே வருகிறது. மேலே ஓர் அணை இருந்தால் வண்டல் அங்கேயே நிற்கும், கடமலைக்குண்டு, வருசநாடு பகுதியில் கிணறுகள் ஊறும், மதுரைக்கும் கூடுதல் சேமிப்பு. ஆறு எங்கள் வாசல் வழியாகப் போகிறது, கோடையில் நாங்கள் டிராக்டர் தண்ணீருக்குக் காத்திருக்கிறோம். எங்கள் ஊருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

நீரியல் மாணவி (திருப்பாலை) | சனி, காலை 10.30

அண்ணா, உங்கள் ஊருக்குத் தடுப்பணைகள் வேண்டும் என்பது நியாயம். அவற்றைப் பெரிய அணையோடு சேர்க்காமல் தனியே கேளுங்கள், விரைவில் கிடைக்கும்.

பெரிய அணைக்கு இரண்டு தடைகள் இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வைகை பிறக்கும் மலைகளுக்கு இன்று அதுதான் காவல். அங்கே பெரிய அளவில் காட்டை மூழ்கடிக்க ஒப்புதல் கிடைப்பது மிகக் கடினம், கிடைக்கவும் கூடாது என்பது என் கருத்து. அந்தக் காடு அழிந்து புல்லும் மண்ணும் மட்டும் மிஞ்சினால் மழை பெய்த அன்றே வெள்ளமாக இறங்கிவிடும். மாசி, பங்குனியில் ஆற்றில் ஊற்று இருக்காது.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. மூல வைகையில் ஓடுவது எப்படியும் வைகை அணைக்குத்தான் வருகிறது. வைகை அணை நிரம்பாத ஆண்டில் மேலே பிடிக்கும் ஒவ்வொரு கன அடியும் கீழே குறையும். நிரம்பி வழியும் ஆண்டில் மட்டும்தான் அது புதுத் தண்ணீர். ஆக நாம் தேட வேண்டியது வைகை அணையைத் தாண்டி உபரியாகப் போகும் தண்ணீரை. அது எந்த வழியாகப் போகிறதோ அந்த வழிக்குப் பக்கத்தில்தான் இடம் தேட வேண்டும்.

மானாமதுரை | சனி, முற்பகல் 11.10

உபரி என்ற சொல்லை மதுரைக்காரர்கள் கொஞ்சம் நிதானித்துப் பயன்படுத்துங்கள். விரகனூர் மதகணையைத் தாண்டி வரும் தண்ணீர் உங்களுக்கு உபரி, எங்களுக்கு அதுதான் வைகை. பூர்வீக வைகைப் பாசனம் என்று சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் உரிமை உண்டு. ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரைக்கும் அந்த ஆற்றை நம்பி ஊர்கள் இருக்கின்றன. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021இல் அடிக்கல் நாட்டினார்கள், 262 கிலோமீட்டர் கால்வாய். அது வந்து சேரும் வரைக்கும் எங்களுக்கு வேறு ஆறு கிடையாது.

வைகைத் தென்கரை | சனி, முற்பகல் 11.25

மானாமதுரை நண்பருக்கு: உங்கள் பங்கில் கைவைக்கும் எந்த இடத்தையும் மனுவில் எழுத மாட்டோம். இதை இப்போதே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்.

உசிலைக் கரிசல் | சனி, பிற்பகல் 1.40

குண்டாறு பற்றி நான் சொல்கிறேன். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல் மண். தண்ணீரைப் பிடித்து வைக்கும், கீழே இறங்க விடாது. கண்மாய்க்கு அது நல்லது. ஆனால் காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் உப்பும். அதன் மேல் உயரமான கரை போட்டால் ஒவ்வோர் ஆண்டும் பழுது பார்க்க வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய குறை, குண்டாற்றில் தண்ணீர் வருவதே சில ஆண்டுகளில்தான், அதுவும் சில நாட்கள்தான்.

வைகை அணையிலிருந்து எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களுக்கு வரும் 58 கிராமக் கால்வாய் கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு தலைமுறைக்கும் மேல் போராடி வாங்கினோம். 2018இல் சோதனை ஓட்டம் விட்டபோது கரையில் நின்று பூப்போட்டு வணங்கினார்கள். வைகை அணையில் 67 அடிக்கு மேல் நீர் இருந்தால்தான் அதில் திறக்க முடியும். வாய்க்கால் வெட்டி முடித்த பிறகும் அணையில் நீர்மட்டம் ஏறுமா என்று ஒவ்வோர் ஐப்பசியிலும் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உயரக் கணக்குப் பார்க்காமல் இடம் குறித்தால் இதுதான் நடக்கும். எங்கள் பக்கம் நீர்த்தேக்கம் வந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். வராத தண்ணீருக்கு நிலத்தைக் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

மேலூர் கடைமடை | சனி, மாலை 4.05

மேலூர்ப் பக்கத்து மலைகளுக்கு நடுவே என்று எழுதியவர் யார் என்று தெரியவில்லை. அந்த மலைகளை அவர் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று அரசே எழுதிய இடம். டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் ஊர் ஊராக எழுந்து நடந்தோம், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. சுரங்கத்துக்குக் கொடுக்காத மலையை அணைக்கும் கொடுக்க மாட்டோம்.

தண்ணீர்க் கணக்கிலும் இது நிற்காது. நாங்கள் பெரியாறு பிரதானக் கால்வாயின் கடைசி. பேரணை மதகணையில் திறந்த தண்ணீர் எங்கள் மடைக்கு வரும்போது பாதி ஊர்களின் பயிர் கழுத்தளவு வளர்ந்திருக்கும். கால்வாயின் வாலில் நீர்த்தேக்கம் கட்டி எதைத் தேக்குவீர்கள்?

நீரியல் மாணவி | சனி, இரவு 8.20

நான்கு இடங்களும் விலகிவிட்டன என்று நினைக்கிறேன். ஐந்தாவது வழி ஒன்றைச் சொல்கிறேன்.

ஆற்றுக்குக் குறுக்கே கட்டாமல் ஆற்றுக்கு வெளியே தேக்குவது. வெள்ளம் போகும்போது ஒரு கால்வாய் வழியாக இழுத்து நிரப்பிக்கொள்வது. சென்னைக்குக் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகையில் இதைத்தான் செய்தார்கள். இருந்த இரண்டு ஏரிகளை இணைத்து 500 மில்லியன் கன அடிக்கு நீர்த்தேக்கம் அமைத்து 2020 நவம்பரில் திறந்தார்கள். பரப்பு 1,485 ஏக்கர். பூண்டி 1944இல் வந்த பிறகு சென்னையின் குடிநீருக்கென்று புதிதாகக் கட்டியது அதுதான். மதுரைக்கு 500 மில்லியன் கன அடி கிடைத்தால், நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் வீதம் 113 நாள் வரும். பங்குனியிலிருந்து ஆனி வரை தாண்டிவிடலாம்.

மதுரையைச் சுற்றி இருக்கும் பெரிய கண்மாய்களை இப்படிப் பார்த்தால் என்ன? 500 ஏக்கர் கண்மாயில் சராசரியாக 5 அடி நின்றாலே 109 மில்லியன் கன அடி. இரண்டு சாத்தையாறு. புது நிலம் எடுக்க வேண்டாம், காடு மூழ்காது, ஊர் பெயர வேண்டாம்.

செல்லூர் வாசி | சனி, இரவு 9.00

அப்படியென்றால் செல்லூர், வண்டியூர்க் கண்மாய்களிலிருந்து தொடங்குங்கள். 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். செல்லூர்க் கண்மாய் நிரம்பிப் பந்தல்குடி கால்வாய் வழியாக ஆற்றுக்குப் போக வழியில்லாமல் வீடுகளுக்குள் வந்தது. அடுத்த சித்திரையில் அதே தெருவில் குடம் பத்து ரூபாய்க்கு வாங்கினோம். வந்த தண்ணீரை நிறுத்திவைக்க நமக்கு இடமில்லையா?

மதகு | சனி, இரவு 9.45

செல்லூர்த் தம்பியின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் நகரத்துக்குள் இருக்கும் கண்மாய்கள் குடிநீருக்கு ஆகாது. வீட்டுக் கழிவு கலந்த தண்ணீரைத் தேக்கிச் சுத்தம் செய்து குடிக்கக் கொடுப்பதற்கு ஆகும் செலவில் வேறு வழி பார்த்துவிடலாம். செல்லூரும் வண்டியூரும் வெள்ளத்தைத் தாங்கவும் நிலத்தடி நீரை ஊறவைக்கவும் இருக்கட்டும். தல்லாகுளம், உலகனேரி என்று பெயரில் மட்டும் நீர் மிஞ்சிய இடங்களின் வரிசையில் அவையும் சேராமல் காப்பதே பெரிய வேலை.

குடிநீருக்குத் தேக்கும் இடம் ஆற்றோட்டத்தில் நகரத்துக்கு மேலே, அதாவது மேற்கிலோ தென்மேற்கிலோ இருக்க வேண்டும். கழிவு வாய்க்கால் எதுவும் அதற்கு மேலே வந்து சேரக் கூடாது. அடியில் பாறையோ களிமண்ணோ இருக்க வேண்டும். வைகையிலிருந்து தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல் தானாக வந்து சேர வேண்டும். மோட்டார் வைத்து ஏற்றும் இடம் என்றால் முப்பது ஆண்டு மின்கட்டணத்தில் இன்னொரு அணை கட்டலாம்.

நிலையூர்க் கரை | ஞாயிறு, காலை 6.10

மேற்கு, தென்மேற்கு என்று சொன்னதும் எங்கள் ஊர்ப் பெயர் அடுத்து வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

கண்மாய் சும்மா கிடக்கும் பள்ளம் இல்லை. மடைக்கு மடை ஆயக்கட்டு, அதாவது அதை நம்பிப் பாயும் வயல், உண்டு. எந்த மடை எப்போது திறக்கும், கடைசி வயலுக்கு எத்தனை நாழிகை என்று தாத்தா காலத்து ஒழுங்கு உண்டு. வயலுக்குத் தண்ணீர் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டிக்குக் களத்தில் நெல் அளந்த வழக்கம் எங்கள் அம்மா பார்த்தது. "குடிநீருக்கு முன்னுரிமை" என்று அரசாணையில் ஒரு வரி எழுதிவிட்டால் அன்றே எங்கள் மடைக்குப் பூட்டு. கோடையில் நகரத்துக்கு 12 கோடி லிட்டர் போய்க்கொண்டிருக்கும்போது எங்கள் பயிரைப் பற்றிப் பேச யார் வருவார்கள்? வைகை அணைக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எங்களுக்கு உறவு. இழப்பீடு எப்படி வந்தது என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவள் நான்.

எங்கள் கண்மாயைத் தூர் வாருங்கள், வரத்துக்கால்வாயில் கழிவு கலப்பதை நிறுத்துங்கள் என்று எத்தனை மனு கொடுத்திருக்கிறோம். அதற்கெல்லாம் வராதவர்கள் இப்போது நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்றதும் வருகிறீர்கள். இது வருத்தத்தில் எழுதுவது.

வைகைத் தென்கரை | ஞாயிறு, காலை 7.30

சகோதரி எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆயக்கட்டுக்காரர்களின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கண்மாயின் பெயரும் மனுவில் இடம்பெறாது. மதகு ஐயா, ஆயக்கட்டையும் குடிநீரையும் மோதவிடாமல் தேக்க வழி உண்டா?

மதகு | ஞாயிறு, காலை 10.10

உண்டு. கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்மாயில் மடைமட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் நிற்கும் தண்ணீர்தான் மடை வழியாக வயலுக்குப் பாயும். அதற்குக் கீழே நிற்பது மாட்டுக்கும் மீனுக்கும், பிறகு வெயிலுக்கும். இதுவரை ஆயக்கட்டின் உரிமை என்று நாம் சொல்வதெல்லாம் மடைமட்டத்துக்கு மேலே இருப்பது. அதை ஒரு விரற்கடையும் தொட வேண்டாம். மடைமட்டத்துக்குக் கீழே, கண்மாயின் ஒரு பகுதியில் மட்டும் ஆழமாகத் தோண்டுவோம். அந்தப் பள்ளத்தில் நிற்பது குடிநீருக்கு. வயலுக்குத் தானாகப் பாயாத ஆழத்திலிருந்து எடுப்பதால் மடையோடு போட்டி வராது.

ஆழமாகத் தோண்டுவதில் இன்னொரு லாபம் உண்டு. நம் ஊர் வெயிலில் திறந்த நீர்ப்பரப்பு ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆவியாகிறது, அதாவது 5 அடி. 8 அடி ஆழமுள்ள தேக்கத்தில் 5 அடி போனால் மிச்சம் என்ன? 500 மில்லியன் கன அடியை 1,485 ஏக்கரில் பரப்பினால் சராசரி ஆழம் 8 அடிக்கும் குறைவு. அதே தண்ணீரை 25 அடி ஆழத்தில் வைத்தால் 460 ஏக்கர் போதும், ஆவியாவதும் மூன்றில் ஒரு பங்குதான். 2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாக்கோல் மிதக்கவிட்டபோது நாடே சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஆவியாதல் என்ற உண்மையான இழப்பைப் பற்றி யாரும் பேசாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம். அதைக் குறைக்கும் வழி மேலே எதையாவது மூடுவதைவிடக் குறைந்த பரப்பில் ஆழமாகத் தேக்குவதே.

250 ஏக்கரில் 15 அடி தோண்டினால் 163 மில்லியன் கன அடி. 12.5 கோடி லிட்டர் வீதம் 37 நாள். மேற்கே இப்படி மூன்று கண்மாய்கள் கிடைத்தால் 110 நாள்.

நிலையூர்க் கரை | ஞாயிறு, முற்பகல் 11.00

ஐயா, மடைக்குக் கீழே என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தண்ணீர் வரும்போது முதலில் பள்ளம்தானே நிரம்பும்? 15 அடிப் பள்ளம் நிரம்பி முடிந்த பிறகுதான் மடைமட்டம் ஏறும். அதுவரைக்கும் நாற்றங்கால் காய்ந்துவிடும். ஐப்பசியில் பத்து நாள் தாமதம் என்றால் மார்கழிப் பனியில் கதிர் பால் பிடிக்காது.

மதகு | ஞாயிறு, முற்பகல் 11.40

அம்மா கேட்டதுதான் இதில் முக்கியமான கேள்வி. பள்ளத்தைச் சுற்றிக் கண்மாய்க்குள்ளேயே ஓர் உள்கரை வேண்டும். அந்த உள்கரையில் ஒரு கலுங்கு, அதாவது மட்டம் தாண்டிய தண்ணீர் வழிந்து போகும் கல்கட்டு. கண்மாய் உங்கள் ஆயக்கட்டுக்குத் தேவையான மட்டத்தைத் தொட்ட பிறகு, நிரம்பி வழிந்து வெளியே மறுகால் பாய வேண்டிய தண்ணீர் அந்தக் கலுங்கு ஏறிப் பள்ளத்தில் விழும். ஷட்டர் வேண்டாம், பூட்டும் சாவியும் வேண்டாம். கல்லால் கட்டிய கலுங்கின் உயரமே யாருக்கு முதலில் என்பதைத் தீர்மானிக்கும். அரசாணையை மாற்றலாம், கலுங்கை ஊருக்குத் தெரியாமல் இடிக்க முடியாது.

மறுகால் பாயாத ஆண்டில் நகரத்துக்கு அதில் புதுத் தண்ணீர் இல்லை. அதை நகரத்தார் ஏற்கத்தான் வேண்டும். முந்தைய ஆண்டு நிறைந்ததில் மிச்சம் இருந்தால் உண்டு.

மானாமதுரை | ஞாயிறு, பிற்பகல் 12.20

மறுகால் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். அடுத்த கண்மாய்க்குத்தான் போகிறது. சங்கிலியில் அடுத்த ஊரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

உசிலைக் கரிசல் | ஞாயிறு, பிற்பகல் 2.15

மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே. 163 மில்லியன் கன அடி தோண்டினால் 46 லட்சம் கன மீட்டர் மண். லாரிக்கு 10 கன மீட்டர் என்றால் 4.6 லட்சம் நடை. இது ஒரு கண்மாய்க்கு மட்டும். மேலே இருக்கும் கரம்பை மண்ணை விவசாயிகள் வயலுக்கு அள்ளிக்கொள்வார்கள், அதற்குக் கீழே சரளையும் பாறையும். எங்கே கொட்டுவீர்கள்? தூர் வாருகிறோம் என்ற பெயரில் மண் விற்பவர்கள் நுழைவதைப் பல ஊர்களில் பார்த்துவிட்டோம். தேவையான இடத்தில் தோண்டாமல் நல்ல மண் இருக்கும் இடத்தில் குழி போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு குழந்தைகள் அப்படிப்பட்ட குழியில் மூழ்கியது எங்கள் பக்கத்து ஊரில்.

நீரியல் மாணவி | ஞாயிறு, மாலை 5.00

கரிசல் அண்ணன் சொல்வது சரி. எங்கள் பக்கப் பாறை சார்னோக்கைட்டும் நைசும், சில இடங்களில் பத்தடியிலேயே தட்டும். ஆகவே முதலில் துளைபோட்டுப் பார்த்து, பாறை ஆழமாக இருக்கும் பகுதியில் மட்டும் பள்ளம். எடுத்த மண்ணில் ஒரு பங்கு உள்கரைக்கும் பழைய கரையைப் பலப்படுத்தவும் போகும். மிச்சம் எவ்வளவு, எங்கே போகிறது என்று ஊர்ச் சாவடியில் பலகை எழுதி வைக்க வேண்டும். ஒரே ஆண்டில் தோண்டாமல் ஐந்தாறு கோடைகளில் தோண்டலாம்.

இடத்தைவிட எனக்குக் கவலை தருவது வரத்துக்கால்வாய். வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அதன் பிறகு திறக்கும் உபரி நீர் சில நாட்களே ஓடும். யானைக்கல் தரைப்பாலம் மூழ்கி, நாம் வேடிக்கை பார்த்து, படம் எடுத்து முடிப்பதற்குள் வடிந்துவிடும். மூன்று கண்மாய்ப் பள்ளங்களுமாக 500 மில்லியன் கன அடியை 15 நாளில் நிரப்ப வேண்டுமென்றால் விநாடிக்குச் சுமார் 390 கன அடி இழுக்கும் கால்வாய் வேண்டும். இன்று அந்தக் கால்வாய்கள் புதர் மண்டி, வீடுகள் நெருக்கி, சில இடங்களில் தாண்டிக் குதிக்கும் அகலத்தில் கிடக்கின்றன. பள்ளம் தோண்டிவிட்டு வாய்க்காலை விட்டுவிட்டால் நமக்குக் கிடைப்பது பெரிய காலிக் குழி. 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் கையில் இருக்கிறது. மனுவின் முதல் பத்தி கால்வாயைப் பற்றியதாக இருக்கட்டும்.

கல்வெட்டு (விக்கிரமங்கலம்) | ஞாயிறு, மாலை 6.25

ஒரு சிறு கோரிக்கை. வைகையின் இரு கரையிலும் எங்கே தோண்டினாலும் பழைய ஊர் இருக்கும். கீழடி தென்னந்தோப்புக்குக் கீழே கிடந்ததுதானே. எங்கள் ஊர்க் குன்றிலும் ஆனைப்பட்டிச் சித்தர்மலையிலும் தமிழிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இயந்திரம் இறங்குவதற்கு முன் தொல்லியல் துறையினர் நடந்து பார்க்க வேண்டும் என்பதையும் சேருங்கள். கண்மாய்க் கலுங்கிலும் மடையிலும் கல்வெட்டு இருந்தால் அதை உடைக்காமல் எடுத்து வைக்க வேண்டும்.

வருசநாட்டு மலை | ஞாயிறு, இரவு 7.10

எங்கள் தடுப்பணைகளை மறந்துவிடாதீர்கள். மேலே வண்டல் நின்றால்தான் கீழே நீங்கள் தோண்டும் பள்ளமும் தூர்ந்துபோகாமல் இருக்கும்.

செல்லூர் வாசி | ஞாயிறு, இரவு 7.40

லோயர் கேம்ப்பிலிருந்துதான் குழாயில் வருகிறதே, இவ்வளவும் தேவையா என்று எங்கள் தெருவில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்லட்டும்?

மதகு | ஞாயிறு, இரவு 8.30

அந்தக் குழாய்க்கு வருவதும் பெரியாற்றுத் தண்ணீர், வைகை அணையை நிரப்புவதிலும் பெரும்பங்கு பெரியாற்றுத் தண்ணீர் என்று சொல்லுங்கள். 1895இல் பென்னிகுவிக் மலையைக் குடைந்து திருப்பிவிட்ட அந்த ஒரே ஊற்றிலிருந்துதான் இரண்டும் வருகின்றன. அங்கே 142 அடி வரைக்கும்தான் தேக்க அனுமதி. தென்மேற்குப் பருவமழை ஒருமுறை பொய்த்தால் குழாயும் அணையும் ஒன்றாகக் குறையும். நூறு கிலோமீட்டருக்கும் மேல் வரும் குழாயில் ஓர் உடைப்பு ஏற்பட்டாலும் அதேதான். அப்படிப்பட்ட நாட்களில் நகரத்துக்குப் பக்கத்திலேயே நூறு நாள் தண்ணீர் இருக்க வேண்டும். அது வடகிழக்குப் பருவமழையின் வெள்ளத்திலிருந்து பிடித்ததாக இருப்பது இன்னும் நல்லது.

நிலையூர்க் கரை | ஞாயிறு, இரவு 9.20

எங்கள் பாசன சங்கத்தில் இன்று மாலை இதைப் படித்துக் காட்டினேன். பெரியவர்கள் ஒத்துக்கொண்டது இவ்வளவு: கலுங்கு உயரத்தை ஊர்க்காரர்கள் முன்னிலையில் அளந்து கல்லில் வெட்ட வேண்டும். வரத்துக்கால்வாயில் கழிவு கலப்பது நின்ற பிறகுதான் பள்ளம். வண்டலை ஆயக்கட்டுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். நகரம் எடுக்கும் தண்ணீருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையைக் கண்மாய்ப் பராமரிப்புக்கு என்று தனியே கட்ட வேண்டும், அதைச் சங்கமே செலவு செய்யும். அடுத்த கண்மாய் ஊர்க்காரர்களையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். இவை மனுவில் அப்படியே வந்தால் மார்ச் 22 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர முயற்சி செய்கிறோம். ஒன்று குறைந்தாலும் கையெழுத்து இல்லை.

வைகைத் தென்கரை | ஞாயிறு, இரவு 10.05

அப்படியே வரும், சகோதரி. வரைவை புதன்கிழமைக்குள் இங்கே போடுகிறேன். முதல் பத்தி வரத்துக்கால்வாய். மூல வைகைத் தடுப்பணைகளுக்கும் தொல்லியல் ஆய்வுக்கும் தனித்தனிப் பத்தி. மதகு ஐயா, உள்கரை, கலுங்கு அமைப்பைக் காட்டும் வரைபடம் ஒன்று கையால் வரைந்து தந்தாலும் போதும். மானாமதுரை நண்பரே, விரகனூருக்குக் கீழே எந்த அளவு தண்ணீர் ஓடும்போது மேலே இழுக்கத் தொடங்கலாம் என்பதை உங்கள் பக்கத்துச் சங்கங்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்த எண்ணை நீங்கள் சொல்லாமல் நாங்கள் நிரப்ப மாட்டோம்.

மானாமதுரை | ஞாயிறு, இரவு 10.30

கேட்டு எழுதுகிறேன். திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி மூன்று இடத்திலும் கேட்க வேண்டும். பத்து நாள் கொடுங்கள்.